நாங்களே கட்டிய காரில் 12 மணி நேரப் பந்தயம்: மிச்சமிருக்கும் ஏழு வாரத்தில் எதைச் செய்வது?

சதுரக்குழாய் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மூன்று வருடமாக நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு கார் கட்டி முடித்திருக்கிறோம். 25 மி.மீ. சதுர இரும்புக் குழாயில் சேசிஸ் (காரின் எலும்புக்கூடு), முன்னால் இன்ஜின், பின்சக்கர இழுவை, இரண்டு சீட்டு. 1957-இல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் வழியில் வருகிற கார்தான், ஆனால் சஸ்பென்ஷன் ஆர்மில் இருந்து பெடல் பெட்டி வரை எல்லாமே எங்கள் கையால் வெட்டி வெல்டு வைத்தவை. இன்ஜின், கியர் பாக்ஸ், ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்), பிரேக் மட்டும் விபத்தில் அடிபட்ட ஒரு பழைய காரில் இருந்து எடுத்தோம். 1600 சிசி, 105 குதிரைத்திறன், ஓட்டுநர் இல்லாமல் எடை 620 கிலோ.

இன்னும் ஏழு வாரத்தில் எங்களுடைய முதல் 12 மணி நேரப் பந்தயம். அமெச்சூர் பந்தயம்தான், ஆனாலும் 40 கார்களுக்கு மேல் ஓடும், காலையில் தொடங்கி இருட்டிய பிறகு முடியும். எங்களுக்கு ஒரு சுற்று ஏறத்தாழ 2 நிமிடம் வரும். இதுவரை கார் மொத்தமே 40 நிமிடம்தான் டிராக்கில் ஓடியிருக்கிறது, அதுவும் ஐந்தைந்து சுற்றாக. ஒன்றும் உடையவில்லை.

இன்ஜின் வேலை முழுவதையும் பார்த்த நண்பன் இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். அதைப் போட்டு ஈசியூவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மறுபடி டியூன் செய்தால் 130 குதிரைத்திறன் வரும், சுற்றுக்கு ஒன்றரை விநாடி குறையும் என்கிறான். அவன் கணக்கை நான் நம்புகிறேன், அந்த இன்ஜினை மூன்று முறை பிரித்துச் சேர்த்தவன் அவன். இன்னொரு நண்பன், இனிமேல் காரில் எதையும் தொடவே கூடாது, பெயின்ட் அடித்துவிட்டு நேராகப் பந்தயத்துக்குப் போவோம் என்கிறான். எனக்கு இரண்டுமே மனதுக்கு ஒட்டவில்லை, ஏன் என்று அவர்களிடம் விளக்கிச் சொல்லவும் தெரியவில்லை. இந்த மாதிரிப் பந்தயம் ஓடியவர்கள் சொல்லுங்கள், ஏழு வார இறுதிகள் கையில் இருந்தால் எதில் செலவழிப்பீர்கள்?

பழைய_கியர் எழுதியது:

தம்பி, முதலில் வாழ்த்துகள். ஆரம்பித்த கார்களில் பாதி கொட்டகையிலேயே கிடக்கின்றன, நீங்கள் ஓடுகிற கார் வைத்திருக்கிறீர்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சுற்றுக்கு 2 நிமிடம் என்றால் நிற்காமல் ஓடினால் 360 சுற்று. பெட்ரோல், ஓட்டுநர் மாற்றம் எல்லாம் போக 330 என்று வைத்துக்கொள். சுற்றுக்கு ஒன்றரை விநாடி மிச்சமானால் மொத்தம் 495 விநாடி, அதாவது எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். நான்கு சுற்று. நாள் முழுக்க நான்கு ஓட்டுநர்களும் ஒரு தப்பும் பண்ணாமல் ஓட்டினால் அந்தக் கேம் தருவது இவ்வளவுதான். ஒரு ஹப் பேரிங் போனால் கொதிக்கிற ஹப்பைக் கழற்றி, புது பேரிங்கை அழுத்தி ஏற்றி, சக்கரத்தை மாட்டி இறக்க 40 நிமிடம் ஆகும், அதுவும் பழகிய கையாக இருந்தால். 20 சுற்று போச்சு. நாலு சுற்றுக்காக ஏழு வாரத்தையும் கொடுத்துவிட்டால் அந்த 20 சுற்றைக் காப்பாற்ற உங்களிடம் நேரம் இருக்காது.

நாங்கள் முதன்முதலில் ஓடியபோது நான்காவது மணி நேரத்தில் எக்சாஸ்டைத் தாங்கும் பிராக்கெட் ஒன்று விரிசல் விட்டது. உள்ளங்கை அளவு தகடு. குழாய் கொஞ்சம் இறங்கி, பக்கத்தில் போன கிளட்ச் ஹோஸை உருக்கிவிட்டது. 1 மணி 10 நிமிடம் பிட்டில் (டிராக் ஓரம் காரை நிறுத்தி வேலை பார்க்கும் இடம்) நின்றோம். அந்தப் பிராக்கெட்டை வெல்டு வைத்தவன் நான்தான், வெல்டில் குறை இல்லை, தகடுதான் நான்கு மணி நேரம் விடாமல் அதிர்ந்து களைத்துப்போய் விரிந்தது. ஐந்து சுற்று ஓட்டி நிறுத்தும்போது இந்தக் குறை ஒருநாளும் தெரியாது. கம்பெனிக் காரை விற்பதற்கு முன் எத்தனையோ ஆயிரம் மணி நேரம் ஓட்டி உடைத்துப் பார்த்திருப்பார்கள். உன் காரில் கம்பெனி செய்த பாகங்களுக்கு மட்டும்தான் அந்த அனுபவம் உண்டு, நீங்கள் செய்த பாகங்களின் வயது 40 நிமிடம். அதனால் பெயின்ட் அடித்துவிட்டுப் போகலாம் என்கிற நண்பர் சொல்வதும் ஆபத்துதான். ஒன்றும் உடையவில்லை என்றால் இன்னும் ஓட்டவில்லை என்று அர்த்தம்.

ஆக, ஒரு முழு நாள் டிராக் கிடைத்தால் எடுங்கள், இரண்டு நாள் கிடைத்தால் இரண்டும். டேங்கை நிரப்பி, காலியாகும் வரை ஓட்டுங்கள், வேகமாக ஓட்ட வேண்டாம், நிற்காமல் ஓட்ட வேண்டும். போவதற்கு முன் காரில் உள்ள ஒவ்வொரு முக்கியமான நட்டையும் டார்க் ரெஞ்ச்சில் இறுக்கி, நட்டின் மேலும் அது உட்கார்ந்திருக்கும் இரும்பின் மேலும் சேர்த்து பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை உள்ளே வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் போதும், கோடு விலகியிருந்தால் அந்த நட்டு நகர்ந்திருக்கிறது.

இன்ஜினைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வளைவில் கார் 1 ஜி பக்கவாட்டு விசையில் போனால் சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) இருக்கும் ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்து நிற்கும். ரோட்டுக் காரின் சம்ப் அதற்காகச் செய்யப்பட்டது இல்லை. ஆயில் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், பம்ப் உறிஞ்சும் வாய் வெளியே தெரியும், பம்ப் காற்றைத்தான் இழுக்கும், அந்த இரண்டு மூன்று விநாடியில் கிராங்க் ஷாஃப்ட்டில் கனெக்டிங் ராடு மாட்டும் இடத்தில் உள்ள பிக் எண்ட் பேரிங் ஆயில் இல்லாமல் உரசும். ஒரு தடவையில் இன்ஜின் போகாது. ஒரு வளைவில் சுற்றுக்கு ஒரு தடவை என்று 330 தடவை நடந்தால் போய்விடும். சம்ப்பைக் கழற்றி உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்து வெல்டு பண்ணுங்கள், உறிஞ்சும் வாயைச் சுற்றி ஒரு பெட்டி மாதிரி, ஆயில் உள்ளே வரலாம் வெளியே போகக் கூடாது என்கிற மாதிரிச் சின்னக் கதவுகளோடு. கூடவே ஆயில் பிரஷர் எச்சரிக்கை சுவிட்சையும் மாற்றிவிடுங்கள். ரோட்டுக் காரில் வரும் சுவிட்ச் அரை பாருக்கும் கீழே போன பிறகுதான் விளக்கைப் போடும், அதற்குள் காரியம் முடிந்திருக்கும். ஒன்றரை பாரில் எரிகிற சுவிட்ச் கிடைக்கும். விளக்கு பெரிதாக, ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக இருக்கட்டும்.

இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டரில் ஒரு ஏமாற்று உண்டு. ஹோஸ் பிய்ந்து தண்ணீர் முழுவதும் கொட்டிவிட்டால் சென்சாரைச் சுற்றித் தண்ணீர் இருக்காது, காற்றுதான் இருக்கும், முள் ஏறுவதற்குப் பதிலாக இறங்கும். ஓட்டுகிறவர் இன்ஜின் ஆறுகிறது என்று நினைத்து இன்னும் அழுத்துவார். முள் காரணமில்லாமல் இறங்கினாலும் உள்ளே வர வேண்டும் என்று நான்கு பேருக்கும் சொல்லி வையுங்கள்.

வெல்டிங்_கண்ணாடி எழுதியது:

பெரியவர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் பரிசோதனையில் கார் தேறவில்லை என்றால் இந்தக் கணக்கு எதற்கும் வேலை இல்லை, நான் பரிசோதிக்கும் மேசையில் உட்கார்ந்தவன் என்பதால் அதை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் பந்தயத்தின் விதிப் புத்தகத்தை எடுத்து ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டு) பக்கத்தை இன்றைக்கே படியுங்கள். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ விதியைப் பின்பற்றும் இடங்களில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளைவு 45 மி.மீ. விட்டம் 2.5 மி.மீ. தடிமன், அல்லது 50-க்கு 2 மி.மீ., இழுத்துச் செய்த தையல் இல்லாத குழாயாக இருக்க வேண்டும். அமெச்சூர் பந்தயங்கள் எடையைப் பார்த்துச் சின்னக் குழாயை அனுமதிப்பதும் உண்டு, அதனால் ஊகிக்க வேண்டாம். தடிமனை எப்படிச் சோதிப்பார்கள் என்றும் பாருங்கள், பல இடங்களில் குழாயில் ஒரு சின்னத் துளை போட்டுக் காட்டச் சொல்வார்கள்.

உங்கள் மாதிரிக் கார்களில் நான் அதிகம் பார்க்கிற குறை வேறு. கேஜ் குழாய் பருமனாக நன்றாக இருக்கும், அதன் கால் போய் உட்காருகிற இடத்தில் இருப்பது மெல்லிய சதுரக் குழாயின் நடுப்பகுதி. கார் கவிழ்ந்தால் கேஜ் வளையாது, அந்தச் சதுரக் குழாயைக் குத்திக்கொண்டு கீழே இறங்கும். கால்கள் நாலைந்து குழாய்கள் கூடுகிற முடிச்சில் உட்கார வேண்டும், அடியில் 3 மி.மீ. தகடு வைத்து விசையைப் பரப்ப வேண்டும். அப்புறம் வெல்டை அழகுக்காக அரைத்துச் சமப்படுத்தியிருந்தால் தயவுசெய்து அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். வெல்டின் பலமே அந்த மேட்டில்தான், அரைத்தால் போய்விடும், மறுபடி வைக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, ஆபத்தில் காரின் மின்சாரத்தை மொத்தமாக நிறுத்தும் கட்-ஆஃப் சுவிட்ச். இன்ஜின் ஓடும்போது 3000 ஆர்பிஎம்மில் வைத்துக்கொண்டு அதைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு முனை மட்டும் உள்ள சுவிட்ச் பேட்டரியைத்தான் துண்டிக்கும், ஆல்டர்னேட்டர் சுற்றிக்கொண்டே மின்சாரம் கொடுப்பதால் இன்ஜின் பாட்டுக்கு ஓடும். தீ பிடித்த காரில் பெட்ரோல் பம்ப்பும் கூடவே ஓடும். இக்னிஷனையும் சேர்த்து வெட்டுகிற முனைகள் உள்ள சுவிட்ச் வேண்டும். இதைப் பரிசோதனை நாளில்தான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டவர்கள் நிறையப் பேர், வயரிங்கைப் பிரித்துப் பாதி நாள் போய்விடும்.

பெட்ரோல் குழாய் ஓட்டுநர் அறைக்குள் போகிறதா? போனால் முழுவதும் உலோகக் குழாயாக, நடுவில் இணைப்பே இல்லாமல், தகட்டைத் தாண்டும் இடத்தில் முறையான பல்க்ஹெட் ஃபிட்டிங்கோடு போக வேண்டும். ரப்பர் ஹோஸை ஓட்டைக்குள் விட்டு எடுத்திருந்தால் அதிர்வில் தகட்டின் விளிம்பு அதை அறுத்துவிடும்.

ரெட்லைன் எழுதியது:

கேம் வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வேகம் முக்கியமே இல்லை என்கிற மாதிரி எழுதுவதை ஒப்புக்கொள்ள முடியாது. 40 கார் ஓடும் டிராக்கில் உங்கள் கார் மற்றவர்களைவிடச் சுற்றுக்கு 15 விநாடி மெதுவாக இருந்தால் 12 மணி நேரமும் யாராவது உங்களைத் தாண்டிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு தாண்டலும் ஒரு இடி வாங்க வாய்ப்பு. நேர்பாட்டையில் தாண்டினால் பரவாயில்லை, வளைவுக்குள் தாண்டுவதுதான் பயம். அதனால் வேகத்தைத் தேடுங்கள், ஆனால் இன்ஜினுக்குள் தேட வேண்டாம். சக்கரக் கோணங்கள், டயர் காற்றழுத்தம், டேம்பர் ஆகியவற்றில் தேடுங்கள். டயரில் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் மூன்று இடத்திலும் சூடு எடுத்து எழுதி வையுங்கள், 620 கிலோ காரில் இதிலேயே ஒன்றரை விநாடிக்கு மேல் கிடைக்கலாம், அதுவும் எதுவும் உடையாமல்.

உங்கள் இன்ஜின் நண்பருக்கு ஒரு விஷயம், அவர் வருத்தப்படக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன், இதைச் சரியாகச் செய்ய அவரால்தான் முடியும். கனெக்டிங் ராடும் பிஸ்டனும் இழுபடும் விசை ஆர்பிஎம்மின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 7000 வரை ஏற்றுகிற இடத்தில் 6300-இல் கியர் மாற்றினால் ஆர்பிஎம் 10 சதவீதம்தான் குறைகிறது, விசை 19 சதவீதம் குறைகிறது. 12 மணி நேரத்துக்கு அந்த 19 சதவீதம் பெரிய விஷயம். ஈசியூவில் லிமிட்டரை (ஆர்பிஎம் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் வரம்பு) அங்கே வைத்து, அதற்குக் கீழே டார்க் நன்றாக வருகிற மாதிரி டியூன் செய்யச் சொல்லுங்கள். கேமைவிட அதில்தான் திறமை தேவை.

இரவுச்சுற்று எழுதியது:

காரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், உள்ளே உட்காருகிறவரைப் பற்றி யாரும் எழுதவில்லை. நான் மூன்று பந்தயங்களில் இருட்டு நேரத்தை ஓட்டியிருக்கிறேன். அதனால் அங்கிருந்து சொல்கிறேன்.

ஓட்டுநர் மாற்றத்தைப் பழகுங்கள். கொட்டகையிலேயே, ஹெல்மெட், உடை, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, கடிகாரம் வைத்து, 20 தடவை. நான்கு பேரும் ஒரே உயரமா? இல்லையென்றால் குட்டையானவருக்கு முதுகுப் பஞ்சு தனியாகச் செய்து வைக்க வேண்டும், பெடலுக்கு எட்டாமல் நழுவி உட்கார்ந்தால் பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. வெளியே இறங்கியவர்தான் உள்ளே ஏறியவருக்குப் பெல்ட் போட்டுவிட வேண்டும், ஏனென்றால் கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி தோளில் இருக்கும்போது தோள் பெல்ட் அதன் மேல் சரியாக உட்கார்ந்ததா என்று உள்ளே உட்கார்ந்திருப்பவரால் பார்க்க முடியாது. 1980-களில் ராபர்ட் ஹப்பர்ட் உருவாக்கிய கருவி அது, ஃபார்முலா 1 2003-இல்தான் கட்டாயமாக்கியது. நேராக மோதும்போது உடலைப் பெல்ட் பிடித்துக்கொள்ளும், ஹெல்மெட்டோடு தலை மட்டும் முன்னால் போகும், அதைத் தடுப்பதுதான் அதன் வேலை. விதியில் கட்டாயம் இல்லாவிட்டாலும் போடுங்கள்.

பெல்ட்டில் அவசரம் வேண்டாம் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு 1969 லெ மான்ஸ்தான் நினைவுக்கு வரும். அப்போது ஓட்டுநர்கள் டிராக்கின் குறுக்கே ஓடி வந்து காரில் குதித்துக் கிளம்ப வேண்டும், முந்த வேண்டும் என்பதற்காகப் பலரும் பெல்ட்டைச் சரியாகப் போடாமலே போவார்கள். ஜாக்கி இக்ஸ் அந்த வருடம் ஓடவில்லை, நடந்து போய் ஏறினார், பெல்ட்டை முழுவதும் பூட்டினார், கடைசி ஆளாகக் கிளம்பினார். முதல் சுற்றிலேயே ஜான் வூல்ஃப் விபத்தில் இறந்தார், அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை. 24 மணி நேரம் கழித்து இக்ஸும் ஜாக்கி ஆலிவரும் ஓட்டிய ஃபோர்டு ஜிடி40 ஏறத்தாழ 120 மீட்டர் இடைவெளியில் வென்றது. பிட்டில் பெல்ட் இழுக்க நீங்கள் எடுக்கிற கூடுதல் அரை நிமிடம் அந்த மாதிரி நேரம்தான்.

ஒரு ஆள் தொடர்ந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். உங்கள் காரில் இன்ஜின் காலுக்கு முன்னாலேயே இருக்கிறது, எக்சாஸ்ட் பக்கத்தில் போகிறது, பெடல் பெட்டி அடுப்பாகிவிடும். தண்ணீர் தாகம் எடுத்த பிறகு குடித்தால் தாமதம், பந்தயத்துக்கு முந்தின நாளில் இருந்தே குடிக்க வேண்டும், காருக்குள் குழாய் வைத்த பாட்டில் வேண்டும். களைப்பு வந்ததை ஓட்டுகிறவர் உணர மாட்டார். சுற்று நேரத்தைக் குறிக்கிறவருக்குத் தெரியும், 2:01, 2:01 என்று வந்துகொண்டிருந்த எண்கள் 2:00, 2:05, 2:01 என்று தள்ளாட ஆரம்பித்தால் உள்ளே கூப்பிட வேண்டும்.

கொடிகளைக் கண்ணை மூடிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். மஞ்சளில் தாண்டக் கூடாது, மஞ்சளும் சிவப்பும் கோடு போட்டது வந்தால் ரோட்டில் ஆயிலோ தண்ணீரோ இருக்கிறது, கறுப்பில் ஆரஞ்சு வட்டம் உங்கள் எண்ணோடு வந்தால் காரில் ஏதோ தொங்குகிறது அல்லது ஒழுகுகிறது, உடனே உள்ளே. வெள்ளைக் கொடிக்கு மட்டும் இடத்துக்கு இடம் அர்த்தம் வேறு, ஓட்டுநர் கூட்டத்தில் கவனமாகக் கேளுங்கள்.

கடைசியாக பிரேக். உங்கள் கார் ஓட்டுநரோடு 700 கிலோ என்றால் 150 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து 60-க்கு இறங்கும் ஒவ்வொரு முறையும் பிரேக் விழுங்குவது ஐந்து லட்சம் ஜூல். ஓடும்போது காற்று அதை எடுத்துக்கொள்ளும். பிட்டில் நின்றதும் காற்று இல்லை, டிஸ்க்கின் சூடு பேட் வழியாகக் காலிப்பருக்கு ஏறி அங்கே உள்ள பிரேக் ஆயிலைக் கொதிக்க வைக்கும். புது ஓட்டுநர் கிளம்பிப் போய் முதல் வளைவில் மிதிப்பார், பெடல் தரையைத் தொடும். எனக்கு நடந்தது, மண்ணில் போய் நின்றேன், இடிக்கவில்லை. டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி, ஈரம் உறிஞ்சிவிட்டால் 155 வரை இறங்கலாம், அதனால் பந்தயத்துக்கு முந்தின நாள் மூடி பிரிக்காத டப்பாவில் இருந்து முழுவதும் மாற்றுங்கள். உள்ளே வருவதற்கு முந்தின சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆற விடுங்கள். ஏறுகிறவர் பிட்டை விட்டு நகருவதற்கு முன் பெடலை மூன்று தடவை மிதித்துப் பார்க்க வேண்டும், இது பழக்கமாகவே இருக்க வேண்டும்.

சதுரக்குழாய் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நான் நண்பர்களிடம் விளக்கிச் சொல்லத் தெரியாமல் தவித்ததைப் பெரியவர் ஒரு பெருக்கல் கணக்கில் சொல்லிவிட்டார். நான்கு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். கட்-ஆஃப் சுவிட்சை இன்று மாலையே சோதித்தோம், இன்ஜின் நிற்கவில்லை. கேஜின் பின்கால் ஒன்று நீங்கள் சொன்ன மாதிரியே குழாயின் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வாரம் இதற்கும் சம்ப்புக்கும், மூன்றாவது வாரம் முழு நாள் டிராக். முடித்துவிட்டு எழுதுகிறேன்.

சதுரக்குழாய் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

நேற்று முழு நாள் ஓட்டினோம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், எங்களைப் போலக் கட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்கு உதவும்.

50-ஆவது நிமிடத்தில் எக்சாஸ்ட் பிராக்கெட்டில் விரிசல். பெரியவர் எழுதியதைப் படித்திருந்ததால் முதலில் அங்கேதான் டார்ச் அடித்தோம். இறுக்கமாகப் பிடித்திருந்த தகட்டை எடுத்துவிட்டு ரப்பர் வைத்துத் தொங்கவிட்டோம், அதற்குப் பிறகு நாள் முழுக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது மணி நேரத்தில் முன் இடது ஹப் நட்டின் கோடு விலகியிருந்தது, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கையால் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கோடு போட்டிருக்காவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

பெரிய விஷயம் பெட்ரோல். காலியாகும் வரை ஓட்டச் சொன்னீர்கள். வலதுபக்கம் வளையும் நீண்ட வளைவில் இன்ஜின் இருமியது, உள்ளே வந்து வடித்து அளந்து பார்த்தால் 40 லிட்டர் டேங்கில் இன்னும் 11 லிட்டர் இருக்கிறது. எங்கள் செலவு மணிக்கு 22 லிட்டர். மீதி 29 லிட்டரில் 1 மணி 19 நிமிடம்தான் ஓட முடியும், 12 மணி நேரத்துக்கு ஒன்பது தடவை பெட்ரோலுக்கு நிற்க வேண்டும். டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்விர்ல் பாட் (பம்ப்புக்கு எப்போதும் பெட்ரோல் இருக்கும்படி வைக்கும் குட்டித் தொட்டி) வைத்து, டேங்குக்குள் தடுப்பும் வைத்தால் 36 லிட்டர் வரை உறிஞ்சலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறோம், அப்போது ஏழு தடவை போதும். இரண்டு நிறுத்தம் மிச்சம், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் என்றால் பத்து நிமிடம். கேம் தருவதாக இருந்ததே எட்டு நிமிடம்தான். இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது எங்கள் இன்ஜின் நண்பன்தான். கேமை அவனே துணியில் சுற்றி அலமாரியில் வைத்தான், இப்போது ஸ்விர்ல் பாட்டை அலுமினியத்தில் அவன்தான் செய்துகொண்டிருக்கிறான். லிமிட்டரை 6300-இல் வைத்து ஓட்டியதில் சுற்று நேரம் அரை விநாடிகூடக் கூடவில்லை, டயர் அழுத்தம் பார்த்ததில் ஒரு விநாடிக்கு மேல் குறைந்தது.

பிரேக் பெடல் விஷயமும் இரவுச்சுற்று அக்கா சொன்ன மாதிரியே. மதியம் ஓட்டுநர் மாற்றத்துக்கு நின்றுவிட்டுக் கிளம்பும்போது மிதித்துப் பார்த்தேன், முதல் மிதி பாதிவரை போனது, மூன்றாவது மிதியில் கெட்டியானது. வளைவில் போய்த் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது. முன் பிரேக்குக்குக் காற்றுக் குழாய் வைக்கிறோம்.

ஒரே ஒரு கேள்வி. அந்த ஹப் நட்டை மறுபடி இறுக்கி, மரை பூட்டும் பசை போட்டு விட்டுவிடலாமா?

பழைய_கியர் எழுதியது:

நல்ல வேலை தம்பி, படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது.

பசை வேண்டாம், ஹப் சூட்டில் அது இளகிவிடும். அது காலரை உள்ளே தட்டிப் பூட்டுகிற வகை நட்டு என்றால் ஒரு தடவை கழற்றியதை மறுபடி போடவே கூடாது, நான்கு சக்கரத்துக்கும் புது நட்டு வாங்குங்கள், கூட நான்கு ஸ்பேர். போடுவதற்கு முன் அந்தப் பேரிங்கைக் கழற்றிப் பாருங்கள், நட்டு தளர்ந்ததற்கு உள் வளையம் தேய்ந்தது காரணமாக இருக்கலாம். மரையைச் சுத்தமாகத் துடைத்து, கம்பெனி கொடுத்த டார்க் அளவுக்கு இறுக்கி, காலரைத் தட்டிவிட்டு, புதுக் கோடு போடுங்கள்.

அப்புறம் அந்த விபத்துக் காரின் இரண்டாவது ஜோடி ஹப் எங்காவது கிடைத்தால் எடுத்து, பேரிங், டிஸ்க் எல்லாம் ஏற்றி முழுதாகச் சேர்த்து ஒரு பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பிட்டில் பேரிங் மாற்றாதீர்கள், நக்கிளோடு (ஹப்பைத் தாங்கும் பாகம்) மொத்தமாகக் கழற்றி மொத்தமாக மாட்டுங்கள். பழகினால் 12 நிமிடம்.